துணிப்பையா, கம்பிவலை ஜாடியா: மொத்தமாகக் கோல்ட் ப்ரூ ஊறவைப்பவர்களுக்கு

வீட்டில் காபி குடிக்கும் ஐந்து பேரில் மூவர், வெயில் தணியும்வரை சூடான காபியைத் தொடுவதில்லை என்று சென்ற ஆண்டு மார்ச்சில் சொல்லிவிட்டார்கள். காபித்தூளைச் சூடாக்காத தண்ணீரில் பல மணி நேரம் ஊறவைத்து வடிக்கும் கோல்ட் ப்ரூவை வாரத்துக்கு இரண்டு முறை மொத்தமாகத் தயாரிக்கும் பொறுப்பு அன்றிலிருந்து என்னுடையதானது. முதலில் வாங்கியது, நடுவில் கம்பிவலை வடிகட்டியும் அடியில் திருகுகுழாயும் உள்ள 4 லிட்டர் கண்ணாடி ஜாடி. அதை ஒரு கோடை முழுவதும் பயன்படுத்திவிட்டு, இந்த ஆண்டு 5 லிட்டர் எவர்சில்வர் தூக்குக்கும் காடாத் துணிப்பைக்கும் மாறிவிட்டேன். ஆகவே, கீழே வருவது நடுநிலையான அலசல் அன்று. துணிப்பையின் பக்கம் சாய்ந்தவனின் எழுத்து என்பதை மனத்தில் வைத்துப் படிக்கவும்.

சுவையை முதலில் முடித்துவிடுகிறேன். கம்பிவலையில் வடிந்த டிகாக்‌ஷன் சற்றுக் கனமாகவும், டம்ளரின் அடியில் விரற்கடை வண்டலோடும் இருக்கும். துணியில் வடிந்தது தெளிவாக இருக்கும். பால் சேர்த்துக் குடிப்பவர்களுக்கு இந்த வேறுபாடு ஏறக்குறைய தெரியவே தெரியாது. பாத்திரம் கண்ணாடியா எவர்சில்வரா என்பதாலும் சுவையில் மாற்றம் எதையும் நான் உணரவில்லை. கோல்ட் ப்ரூவில் புளிப்பே இல்லை என்று சொல்லப்படுவதும் முழு உண்மையன்று. 2018-இல் வெளியான ஓர் ஆய்வு, சூடாகத் தயாரித்த காபிக்கும் குளிர்ந்த நீரில் ஊறிய காபிக்கும் அமிலத்தன்மையைக் குறிக்கும் பிஎச் அளவு கிட்டத்தட்ட ஒன்றாகவே, 4.85-க்கும் 5.13-க்கும் இடையில், இருப்பதாகக் கண்டது. மொத்த அமிலம் மட்டும் சூடான காபியில் கூடுதலாக இருந்தது. எந்த வடிகட்டியை வாங்கினாலும் இதில் மாற்றம் வராது.

அளவும் இரண்டுக்கும் பொதுவானதே. 1 பங்கு தூளுக்கு 5 பங்கு தண்ணீர் என்ற எடைக்கணக்கில், 500 கிராம் தூளுக்கு இரண்டரை லிட்டர் தண்ணீர் ஊற்றி, குளிர்சாதனப் பெட்டியில் 18 மணி நேரம் வைக்கிறேன். தூள் தன் எடையைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு தண்ணீரைத் தன்னிடமே வைத்துக்கொள்வதால், கைக்கு வருவது ஒன்றரை லிட்டர் டிகாக்‌ஷன்தான். அதில் சம அளவு தண்ணீரோ பாலோ கலந்தால் 200 மில்லி டம்ளரில் 15 டம்ளர் கிடைக்கும். கலப்பதைக் குடிக்கும் நேரத்தில் செய்துகொள்ள வேண்டும். கலக்காத டிகாக்‌ஷன்தான் ஒரு வாரம் தாங்கும்.

எஞ்சியிருப்பது அந்தச் சக்கை. 500 கிராம் தூள், ஊறிய பிறகு ஒன்றரைக் கிலோ ஈரச் சக்கையாகத் திரும்பி வருகிறது. சிறிய அளவில் ஊறவைப்பவர்களுக்கு இது ஒரு பொருட்டே அன்று. மொத்தமாக ஊறவைப்பவர்களுக்கு, அந்த ஒன்றரைக் கிலோவை எப்படி வெளியேற்றுவது, அதைத் தாங்கிய வடிகட்டியை எப்படிக் கழுவுவது என்பதே எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. நான் ஜாடியை வாங்கியபோது கொள்ளளவையும் மூடியின் அழகையும் பார்த்தேனே தவிர, கழுவுதொட்டியின் முன் நிற்கப்போகும் அந்த இருபது நிமிடத்தைப் பற்றி ஒரு கணமும் நினைக்கவில்லை.

ஜாடியில் இருந்த வலை, என் கை நுழையாத அகலத்தில் ஒரு சாண் உயரத்துக்கு மேல் இருந்தது. கவிழ்த்துத் தட்டினால் மேலிருக்கும் சக்கை விழும். அடியில் இருப்பது இட்லி மாவு காய்ந்ததுபோல் ஒட்டிக்கொண்டிருக்கும். நீண்ட கரண்டிக்காம்பால் குத்தி எடுத்துப் பார்த்தபோது, நடுப்பகுதியில் வெளிறிய பழுப்பு நிறத்தில், பாதி மட்டுமே நனைந்த கட்டிகள் இருந்ததை இரண்டு மூன்று முறை கண்டிருக்கிறேன். குறுகிய உருளைக்குள் தூள் ஊதிப்பெருகி நெருக்கியடித்துக்கொள்வதால், கலக்கிவிட இடமின்றிப் போகிறது. விலை கொடுத்து வாங்கிய கொட்டையில் ஒரு பகுதி சாரம் இறங்காமலேயே குப்பைக்குப் போனது.

சக்கை போன பிறகும் வேலை முடிவதில்லை. வலையும் அடித்தட்டும் சேரும் விளிம்பில் மாவுத்தூள் அடைந்துகொள்ளும். கம்பிகளின்மேல் காபியின் எண்ணெய் மெல்லியதாகப் படியும். வலையைச் சன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால், எந்தெந்த இடத்தில் கண்கள் அடைபட்டிருக்கின்றன என்பது தெரிந்துவிடும். கொதிநீரில் சமையல் சோடாவைக் கரைத்து இரவு முழுவதும் வலையை ஊறவைத்தால் கண்கள் திறக்கின்றன என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால், திருகுகுழாய்க்கு அந்த வைத்தியமும் போதவில்லை. மூன்றாவது வாரத்தில் டிகாக்‌ஷனில் ஈரத்துணி வாடைபோல் ஏதோ வந்ததால், குழாயின் மரையைக் கழற்றினேன். ரப்பர் வளையத்தைச் சுற்றி வெண்டைக்காயின் கொழகொழப்போடு பழுப்பாக ஒரு படலம் இருந்தது. அதன்பின் ஒவ்வொரு முறையும் குழாயைக் கழற்றிக் கழுவ வேண்டியதாயிற்று. குழாய் இல்லாத ஜாடியாக வாங்கியிருந்தால் என் குறைகளில் பாதி எழுந்திருக்காது என்பதையும் நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும்.

துணிப்பையில் இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. பையைத் தூக்கி, வேறொரு பாத்திரத்தின்மேல் வைத்த சோற்று வடிதட்டில் அரைமணி நேரம் கிடத்திவிட்டு (பிழியக் கூடாது, பிழிந்தால் மாவும் கசப்பும் இறங்கும்), உட்புறத்தை வெளிப்புறமாகப் புரட்டினால் ஒன்றரைக் கிலோவும் ஒரே உருண்டையாகச் செடித் தொட்டி மண்ணில் விழுந்துவிடுகிறது. பிறகு ஓடும் தண்ணீரில் இரண்டு அலசல், அவ்வளவுதான். தூக்கு வாய் அகன்றது என்பதால் கை முழுவதும் உள்ளே போகும். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஒருமுறை செய்தேன். கழுவும் வேலை 6 நிமிடத்தில் முடிந்தது.

துணியின் குறை வேறு வகையானது: அது மணத்தை வாங்கிக்கொள்ளும். காபியின் எண்ணெய் துணியில் தங்கி, காற்றுப்பட்டுச் சிக்கு வாடை எடுக்கும். ஜப்பானில் ஃபிளானல் துணியில் காபி வடிப்பவர்கள், துணியை உலரவிடாமல் சுத்தமான தண்ணீரில் மூழ்கவைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, தண்ணீரை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். எனக்கு அந்தப் பொறுமை இல்லை. அலசிய பையை ஈரத்தோடு ஒரு டப்பாவில் அடைத்து உறைபெட்டியில் வைத்துவிடுகிறேன், நான்கு முறைக்கு ஒருமுறை வெறும் தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்க விடுகிறேன். சோப்பு மட்டும் கூடவே கூடாது. ஒருமுறை பை தவறுதலாகச் சலவை இயந்திரத்துக்குள் போய்விட, அடுத்த நாள் 15 டம்ளர் காபியும் துவைத்த போர்வையின் மணத்தோடு கழுவுதொட்டியில் கொட்டப்பட்டது. புதுத் துணியையும் முதலில் கொதிக்கவைத்து அலசிக் கஞ்சியைப் போக்கிவிட வேண்டும். இரண்டு மாதத்துக்கு ஒரு பையைக் கழித்துவிடுகிறேன். 1 மீட்டர் காடாத் துணியில் மூன்று பை தைக்கலாம் என்பதால் அது செலவுக் கணக்கில் சேர்வதே இல்லை.

துணிக்கு இன்னொரு சாதகம், அரைப்பதில் ஏற்படும் பிழையைப் பொறுத்துக்கொள்வது. கோல்ட் ப்ரூவுக்குத் தூள் சம்பா ரவை பதத்தில், சிக்கரி கலக்காமல் இருக்க வேண்டும். கொட்டை அரைத்துத் தரும் கடைகளில் இயந்திரம் ஃபில்டர் காபிக்கான பதத்தில் நிற்பதால், சொல்லி மாற்றிய பிறகும் முதல் இரண்டு கைப்பிடி நைசாகவே விழுகிறது. வீட்டு மிக்ஸியிலோ மாவும் குறுணையும் கலந்து வரும். அந்த மாவு கம்பிவலையின் ஊடே நேராக டிகாக்‌ஷனுக்குள் இறங்கிவிடும். துணி அதில் பெரும்பகுதியைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. நல்ல அரவை இயந்திரம் வீட்டில் இருப்பவர்களுக்கு இந்தக் காரணம் பொருந்தாது.

மூன்றாவதாக ஒன்றையும் குறிப்பிட வேண்டும். 1964-இல் டாட் சிம்ப்சன் என்ற அமெரிக்க வேதிப் பொறியாளர் உருவாக்கிய டாடி என்ற சாதனத்தில், அடியில் தக்கை அடைத்த ஒரு வாளிக்குள் 340 கிராம் தூளை ஊறவைத்து, நெய்யாமல் இழைகளை அழுத்திச் செய்த தடித்த ஃபெல்ட் வட்டின் வழியாக வடிப்பார்கள். உறவினர் வீட்டில் இரண்டே முறைதான் குடித்தேன். தெளிவில் அது என் துணியை மிஞ்சியதாகவே பட்டது. ஆனால், அந்த வட்டை 10 முறைக்கோ மூன்று மாதத்துக்கோ ஒருமுறை மாற்ற வேண்டும், அதை வெளியிலிருந்து வரவழைக்க வேண்டும் என்பதால் நான் அந்தப் பக்கம் போகவில்லை.

எதில் ஊறவைத்தாலும் சென்னை வெயிலில் சமையல்மேடையில் விட்டுவைக்க வேண்டாம். பிஎச் 4.6-க்கு மேலுள்ள, காற்றுப் புகாமல் மூடிய பானத்தில் பொட்டுலிசம் என்ற கொடிய உணவு நச்சு நோயை உண்டாக்கும் நுண்ணுயிரி வளர வாய்ப்புண்டு. கோல்ட் ப்ரூ அந்த எல்லைக்கு மேலேதான் இருக்கிறது. இங்கே மட்டும் ஜாடிக்கு ஒரு மதிப்பெண் கொடுக்கலாம்: அது ஒடுங்கி உயர்ந்திருப்பதால் குளிர்சாதனப் பெட்டியின் ஓரத்தட்டில் அடங்கும், தூக்கு ஒரு தட்டு முழுவதையும் பிடித்துக்கொள்ளும். தனியாக இருப்பவர், 1 லிட்டருக்கு 80 கிராம் தூள் போட்டு 8 மணி நேரத்தில் எடுத்துக் குடிப்பவர் என்றால், குழாய் இல்லாத சிறிய வலை ஜாடியையே வாங்கிக்கொள்ளலாம். அந்த அளவில் சக்கை ஒரு கைப்பிடிக்கு மேல் வராது.

500 கிராமுக்கு மேல் போனது ஒரே ஒரு முறைதான். விருந்தினர் வருகிறார்கள் என்று 750 கிராம் தூளை ஒரே பையில் போட்டுத் தூக்கியபோது, தையல் ஓரத்தில் பிரிந்து, ஒரு கைப்பிடிச் சக்கை டிகாக்‌ஷனுக்குள் விழுந்தது. மறுபடி வடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. இப்போது அதிகம் வேண்டுமானால் இரட்டைத் தையல் போட்ட இரண்டு பைகளில் பாதிப்பாதியாகக் கட்டி, ஒரே தூக்கில் இறக்கிவிடுகிறேன்; தூள் நடுவரை நன்றாக நனைகிறது, தூக்குவதற்கும் ஒரு கை போதும்.