மீன் நன்று, சம்மதம் கேட்கும் விதம் சரியில்லை: நாகர்கோவில் மீன் ஆப் ஒன்றைப் பற்றி

நாகர்கோவிலிலும் தக்கலைப் பக்கமும் காலையில் வீட்டுக்கே மீன் கொண்டுவந்து தரும் ஒரு கடையின் ஆப் இது. மீனில் குறையில்லை. சாளை, அயிலை, நெத்திலி எல்லாம் குளச்சல், முட்டம் கரையில் இறங்கியவை. முழுசாக வேண்டுமா, வெட்டிச் சுத்தம் செய்து வேண்டுமா என்று தனித்தனி விலையும் போட்டிருக்கிறார்கள். எடையும் சரி. கோளாறெல்லாம் ஆப்பை முதன்முதலாகத் திறக்கும் அந்த ஒரு நிமிடத்தில்தான்.

முதல் திரையில் பெரிய பச்சைப் பொத்தான். அதன் கீழே சாம்பல் நிறப் பொடி எழுத்தில், ஆங்கிலத்தில், பிரைவசி பாலிசியை ஏற்பதாக ஒரு வரி. பக்கத்துக் கட்டத்தில் டிக் ஏற்கெனவே விழுந்திருக்கிறது. ஆர்டரை வீட்டில் சேர்ப்பது, வாட்ஸ்ஆப் விளம்பரம், ‘பங்குதாரர்’களுக்கு நம் எண்ணைக் கொடுப்பது, மூன்றும் அந்த ஒரே டிக்கில் அடக்கம். இதைச் சம்மதம் என்று ஏற்க முடியாது. சம்மதம் என்பது நிர்ப்பந்தமில்லாமல், இன்ன காரியத்துக்கு என்று தெரிந்து, பயனரே செய்யும் தெளிவான ஒரு செயலால் வரவேண்டும் என்கிறது 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதைக் கேட்கும் வாசகத்தைத் தமிழிலும் படிக்க வசதி வேண்டும் என்கிறது. விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, இந்தப் பிரிவுகளுக்கு 18 மாத அவகாசமும் உண்டு. ஆனால் ஒரு கட்டத்தை மூன்றாக்கி, டிக்கை எடுத்துவிட எதற்கு அவ்வளவு நாள்?

லொகேஷன் கேட்பதை மட்டும் நம்ம மாவட்டத்தில் ஒரேயடியாகத் தப்பு சொல்ல முடியாது. கதவு எண்ணை வைத்து வீடு கண்டுபிடிக்க முடியாத விளைகள் எத்தனை! சிலுவை வைத்த குருசடி தாண்டி இடப்பக்கம், ரப்பர் தோட்டத்தை ஒட்டி மூன்றாவது வீடு என்றுதான் வழி சொல்கிறோம். ஆண்ட்ராய்டில் ‘தோராயமான’ இருப்பிடம் கொடுத்தால் சுமார் 3 சதுர கிலோமீட்டர் வட்டாரம்தான் தெரியும். மீன்காரர் சுற்றிக்கொண்டே இருப்பார். ஆகவே ‘துல்லியமானது’, ‘இந்த முறை மட்டும்’ இரண்டையும் தேர்ந்தெடுத்து, வரைபடத்தில் வீட்டின்மேல் குறி வைத்துச் சேமியுங்கள். அடுத்த ஆர்டருக்கும் அந்தக் குறியே போதும்.

ஆப் அதோடு விடுவதில்லை. ‘டெலிவரி வேகமாக வர’ என்று சொல்லி அமைப்புகள் பக்கத்துக்கே கூட்டிப்போய் ‘எப்போதும் அனுமதி’யைத் தொடச் சொல்கிறது. தெரிய வேண்டியது மீன் கொண்டுவருகிறவர் எங்கே வருகிறார் என்பது. வாங்குகிறவர் அடுப்படியில்தான் இருக்கிறார். தொட்டால் நடப்பதை ஆண்ட்ராய்டு 12 முதல் உள்ள பிரைவசி டேஷ்போர்டு நேரத்தோடு காட்டுகிறது: 7:50-க்கு மீன் கைக்கு வந்தாயிற்று, அதன்பிறகு 11:20, 2:05, இரவு 9:40 என்று இருப்பிடம் எடுக்கப்பட்டிருக்கிறது.

கான்டாக்ட்ஸ் கேட்பது அதைவிட மோசம், ஏனென்றால் அதில் இருப்பவர்கள் யாரும் சம்மதம் சொல்லவில்லை. சட்டத்திலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது: தொலைமருத்துவ ஆப் ஒன்று கான்டாக்ட் பட்டியலையும் கேட்டு, பயனர் சரி என்றே சொன்னாலும், சிகிச்சைக்கு அது தேவையில்லை என்பதால் பட்டியலுக்கான சம்மதம் எடுபடாது. மீனுக்கும் அதே கணக்குத்தான். ‘அனுமதிக்க வேண்டாம்’ என்று இரண்டு முறை தொட்டால், ஆண்ட்ராய்டு 11 முதல் அந்தக் கேள்வியை ஆப்பால் திரும்பக் கேட்க முடியாது. பிறகு வருவது கடையே போட்ட அறிவிப்பு. பின்செல் பொத்தானை அழுத்தினால் போய்விடும், ஆர்டருக்குத் தடையில்லை.

பிளே ஸ்டோரின் ‘தரவுப் பாதுகாப்பு’ பகுதியில் தரவு யாருடனும் பகிரப்படுவதில்லை என்று இருக்கிறது. அதை நிரப்புவது கூகுள் அல்ல, ஆப் வைத்திருப்பவர்தான். பாலிசியில் எழுதியிருப்பதோ நேர்மாறு.

ஆப்பை அன்இன்ஸ்டால் செய்தாலும் பெயர், எண், முகவரி எல்லாம் கடையின் சர்வரில் கிடக்கும். கணக்கை அழிக்கும் வழி ஆப்புக்குள்ளேயே இருக்கவேண்டும் என்பது பிளே ஸ்டோர் விதி. இங்கே ‘உதவி’க்குள் போனால் ஒரு எண்ணுக்கு அழைக்கச் சொல்கிறது. அழைத்துக் கேட்டு, அழித்துவிட்டதாக மெசேஜும் வாங்கிவிடுங்கள். அதே எண்ணில் மீனும் சொல்லலாம், விலை மாறுவதில்லை. பெயரும் எந்தக் குருசடி என்பதும் மட்டும்தான் கேட்கிறார்கள்.