20 வருட டானியா, விண்டேஜா?

போன மாதம் போர்ச்சுகலின் போர்ட்டோ நகரத்துக்குப் போயிருந்தபோது, ஆற்றின் எதிர்க்கரையான விலா நோவா டி கையாவில் ஒரு வைன் கிடங்கில் முதிர்ந்த போர்ட் வைன்களை ருசி பார்க்கும் வகுப்பில் உட்கார்ந்தேன். ஒன்றரை மணி நேரம், ஐந்து கிளாஸ். ஊருக்குத் திரும்பும் பெட்டியில் ஒரு பாட்டிலுக்குத்தான் இடம் இருந்தது. டானி, விண்டேஜ் இரண்டும் போர்ட் வைனின் வகைகள். 20 வருட டானியா, 2003 விண்டேஜா என்று கடைசி வரை மனசு ஊசலாடியது. டானியை எடுத்து வந்தேன்.

இரண்டுக்கும் பிறப்பு ஒன்றுதான். அதே ஆற்றின் டோரோ பள்ளத்தாக்கில், படிக்கட்டுச் சரிவுகளில் விளைந்த திராட்சை. சாறு பாதி நொதித்திருக்கும்போதே திராட்சைச் சாராயத்தை ஊற்றி நிறுத்திவிடுவதால் இனிப்பு தங்கிவிடுகிறது, ஆல்கஹாலும் 20 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. அப்புறம்தான் பாதை பிரிகிறது. விண்டேஜ் ஒரே ஆண்டின் அறுவடை. இரண்டு மூன்று வருடத்தில் பாட்டிலுக்குப் போய், மிச்ச ஆயுளைக் காற்றுப் படாமல் அங்கேயே கழிக்கிறது. டானி மரப் பீப்பாயிலேயே கிடந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை வாங்கி முதிர்கிறது. லேபிளில் உள்ள 20, உள்ளே இருப்பது முழுவதற்குமான வயது இல்லை. இளையதையும் முதியதையும் கலந்து அந்த வயதின் குணத்துக்குக் கொண்டுவருகிறார்கள்.

வகுப்பு எடுத்த பெண்மணி கிளாஸ்களை ஒரு வெள்ளைத் தாளின் மேல் சாய்த்துக் காட்டினார். விண்டேஜ் நடுவில் கருஞ்சிவப்பாக இருந்தது, ஓரத்தில் மட்டும் செங்கல் நிறம். டானியில் சிவப்பு அநேகமாகப் போய், வடித்த தேன் மாதிரி மின்னியது. வாசனையும் அப்படியே பிரிந்தது. விண்டேஜில் கறுத்த பழங்களும் மிளகும். டானியில் வறுத்த வாதுமை, உலர்ந்த அத்தி, ஆரஞ்சுத் தோல். வாயில் வைத்தால் விண்டேஜுக்குத்தான் கனம் அதிகம். அந்த ஒரு நிமிடத்தை மட்டும் வைத்து முடிவு செய்திருந்தால் விண்டேஜைத்தான் வாங்கியிருப்பேன்.

ஆனால் திறந்த பிறகு என்ன ஆகும்? நான் முடிவெடுத்தது இதை வைத்துத்தான். விண்டேஜைத் திறந்தால் இரண்டு மூன்று நாளில் தீர்த்துவிட வேண்டும். வருடக்கணக்கில் காற்றையே பார்க்காத வைன், திடீரென்று பட்டதும் வேகமாகச் சோர்ந்துவிடுகிறது. டானியோ காற்றோடு பழகியே வளர்ந்தது; மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் வாரக்கணக்கில் தாங்கும். எங்கள் வீட்டில் குடிப்பது நான் ஒருவன்தான், அதுவும் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு சின்ன கிளாஸ். 750 மில்லியை மூன்று நாளில் முடிப்பது என்னால் ஆகாது.

இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு 1994 விண்டேஜ் வாங்கி இந்தப் பாட்டைப் பட்டிருக்கிறேன். வண்டல் அடியில் படிய ஒரு நாள் முழுக்க நிமிர்த்தி வைத்தேன். திறக்கும்போது கார்க் பாதியில் உடைந்து, தூள் உள்ளே விழுந்தது. மெல்லிய துணியில் வடிகட்டித்தான் ஊற்ற முடிந்தது. முதல் நாள் அமிர்தம். நான்காம் நாள் பழ வாசனை எல்லாம் போய்ச் சாராய நெடி மட்டும் மிஞ்சியது. பாதி பாட்டிலுக்கு மேல் வீண். அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை. டானியில் இந்த வேலையெல்லாம் இல்லை. தக்கையைக் கையாலேயே எடுத்து, ஊற்றி, மறுபடி மூடிவிடலாம்.

ஒன்றை மட்டும் பார்த்து வாங்குங்கள்: பாட்டிலில் அடைத்த வருடம். பாட்டிலுக்குள் வந்தபின் டானி மேற்கொண்டு முதிராது. அதனால் சமீபத்தில் அடைத்ததாக இருப்பது நல்லது. விண்டேஜில் கதையே வேறு, அங்கே காத்திருப்புக்குப் பலன் உண்டு. குழந்தை பிறந்த வருடத்து விண்டேஜை வாங்கி வைக்க ஆசைப்படுகிறவர்களுக்கு டானி மாற்று ஆகாது. எட்டுப் பேர் கூடும் விருந்து என்றாலும் விண்டேஜ்தான். ஒரே ராத்திரியில் தீர்ந்துவிடும். இன்னொன்று, நான் குடித்த விண்டேஜ் எல்லாம் சுமார் முப்பது வயது வரைக்கும்தான். 1963, 1977 போன்ற பேர்பெற்ற வருடங்களை ருசித்ததில்லை, அவற்றுக்கும் சேர்த்து நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

என் டானியைத் திறந்து இன்றோடு 19 நாள். நேற்று ராத்திரி ஊற்றிய கிளாஸிலும் அந்த ஆரஞ்சுத் தோல் வாசனை அப்படியே இருந்தது.