ரேடியேட்டர் ஒழுகினால்: அடைப்பதா, மாற்றுவதா?

சித்திரை வெயிலில் காரைக்குடியிலிருந்து தேவகோட்டை போவதற்குள் டெம்பரேச்சர் முள் ஏறுகிறதா? முதலில் இன்ஜின் நன்றாக ஆறட்டும். சூட்டோடு ரேடியேட்டர் (இன்ஜின் தண்ணீரை ஆற்றும் பெட்டி) மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். அப்புறம் ஹோஸ், கிளாம்ப், ஃபேன், தெர்மோஸ்டாட் (சூட்டுக்கேற்பத் தண்ணீரைத் திறந்துவிடும் வால்வு) எல்லாம் பாருங்கள். இவை சரியாக இருந்து ரேடியேட்டரே ஒழுகினால்தான் இந்தக் கேள்வி.

செலவு: அடைப்பது மலிவு. புதியது பல மடங்கு ஆகும்.

எத்தனை நாள் உழைக்கும்: இதுதான் முக்கியம். பழைய அம்பாசடரின் செம்பு, பித்தளை ரேடியேட்டரில் நல்ல கைக்காரர் ஈயப்பற்று (ஈயத்தை உருக்கி ஓட்டையை அடைப்பது) வைத்தால் ஆண்டுக்கணக்கில் நிற்கும். இன்றைய கார்களில் பெரும்பாலும் அலுமினியக் கோர் (நடுவில் உள்ள குழாய்ப் பகுதி), பிளாஸ்டிக் டேங்க் (ஓரத்தில் உள்ள தொட்டி). பிளாஸ்டிக் விரிசலில் பசை போட்டால் சூட்டிலும் அழுத்தத்திலும் மறுபடி விடும்.

நேரம்: பாகம் கடையில் இருந்தால் மாற்றுவது அன்றே முடியும்.

தண்ணீரில் கலக்கும் லீக் பவுடர் எனக்குப் பிடிக்காது. மெல்லிய குழாய்களையும் சேர்த்து அடைத்துவிடலாம்.

செம்பு என்றால் பற்று வையுங்கள். பிளாஸ்டிக் டேங்க் வெடித்திருந்தால், அதுவும் தினம் நெடுந்தூரம் ஓடும் வண்டி என்றால், மாற்றிவிடுங்கள். இன்ஜின் ஆயில் பால் காபி நிறத்தில் இருக்கிறதா? ஹெட் கேஸ்கெட் (இன்ஜினுக்குள் தண்ணீரும் ஆயிலும் கலக்காமல் தடுக்கும் தகடு) போயிருக்கலாம். அதைப் பார்க்காமல் ரேடியேட்டருக்குப் பணம் கொடுக்காதீர்கள்.