டேங்க் ப்ரீதர் வால்வு: ஏழெட்டு வருஷம் ஓட்டிப் பாத்த அனுபவம்

மணலி பக்கம் ஒரு சால்வென்ட் ஸ்டோரேஜ்ல மெயின்டெனன்ஸ் பாக்குறேன். மெத்தனால், டொலுவீன், ஸ்டைரீன்னு பல டேங்க் இருக்கு, எல்லாம் கோன் ரூஃப் (கூம்பு மாதிரிக் கூரை), எல்லாத்து உச்சியிலயும் டேங்க் மூச்சு விடுறதுக்காக வெயிட் போட்ட ப்ரீதர் வால்வு. வேலை செய்யுற விதம் ரொம்ப சிம்பிள், இட்லிப் பானை மூடியை ஆவி தூக்குற மாதிரி உள்ள பிரஷர் ஏறினா ஒரு பேலட், அதாவது எடையால மூடியிருக்குற தட்டு, தூக்கி வெளிய விடும், உள்ள வேக்கம் ஆனா இன்னொரு பேலட் தூக்கி காத்தை உள்ள விடும், அவ்ளோதான்.

வாங்குறப்போ எல்லாரும் பிரஷர் சைடைத்தான் கேக்குறாங்க, வேக்கம் சைடை யாரும் சரியா பாக்குறதே இல்ல. ஆனா டேங்க்கை நசுக்குறது அதுதான். ஏபிஐ 650-ங்குற டேங்க் கட்டுற ஸ்டாண்டர்ட் படி செஞ்ச சாதாரண டேங்க்குக்கு வேக்கம் 25 மி.மீ. தண்ணி அளவு வரைக்கும்தான் கணக்கு, கேக்க ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும், 10 மீட்டர் டயா ரூஃப் மேல அதுவே கிட்டத்தட்ட 2 டன் அழுத்தம். இதுல இன்னொண்ணு, செட் பாயின்ட்ல, அதாவது வால்வுக்குக் குறிச்ச அளவுல, திறக்க ஆரம்பிக்குது அவ்ளோதான், முழுசா காத்து விட அதுக்கு மேலயும் வேக்கம் வேணும், அதனால செட்டிங்கை 25-லயே வச்சா வால்வு முழுசா திறக்குறதுக்குள்ள டேங்க் லிமிட்டைத் தாண்டிடும். விக்குறவங்க கிட்ட வேக்கம் சைடு ஃப்ளோ கர்வ் (எவ்ளோ வேக்கத்துக்கு எவ்ளோ காத்து போகும்னு காட்டுற வரைபடம்) கேளுங்க, கேட்டா முதல்ல பிரஷர் கர்வைத்தான் நீட்டுவாங்க.

நம்ம ஊர்ல மோசமான நேரம் மே, ஜூன் மதியம்தான். ரூஃப் கொதிச்சுக் கெடக்கும், திடீர்னு மழை கொட்டும், உள்ள இருக்குற ஆவி சட்டுனு சுருங்கும், அதே நேரத்துல கீழ லாரிக்கு லோடு ஏத்திக்கிட்டு இருப்பாங்க. மணிக்கு 100 கன மீட்டர் வெளிய போனா அதே அளவு காத்து உள்ள வரணும், மழைக்கான காத்து அதுக்கு மேல தனி, டேங்க் வென்டிங்குக்கான ஸ்டாண்டர்ட் ஏபிஐ 2000-ல ரெண்டையும் கூட்டித்தான் கணக்கு போடச் சொல்றான். வால்வுக்குக் கீழ ஃப்ளேம் அரெஸ்டர் (வெளித் தீ டேங்க்குக்குள்ள போகாம தடுக்குறது) இருந்தா அதோட தடையையும் சேத்துக்கணும், இதைத்தான் நிறைய பேர் விட்டுடுறாங்க.

மாட்டுறப்போ ஸ்பிரிட் லெவல் வச்சுப் பாக்காம போல்ட் முடுக்காதீங்க. பேலட் தன் எடையில நேரா உக்காரணும், பழைய டேங்க்ல நாசில் பிளாஞ்ச் (வால்வை மாட்டுற குழாய் வாயோட விளிம்பு) லேசா சாஞ்சிருந்தா ஒரு பக்கம் கசியும். புது வால்வுல பேலட் ஆடாம இருக்க உள்ள பேக்கிங் வச்சு அனுப்புவாங்க, அதை எடுத்தாச்சான்னு மூடியைத் திறந்து கண்ணால பாத்துடுங்க.

ஸ்டைரீன் டேங்க் தனி கதை. ஸ்டைரீன் கெட்டியாகாம இருக்கக் கலக்குற டிபிசி திரவத்துலயேதான் நிக்கும், ஆவியோட மேல வராது, அதனால பேலட் மேல படியுற ஆவி அப்படியே பாலிமர் ஆகி பேலட் உக்கார்ற சீட்டோட ஒட்டிக்கும். ஃப்ளேம் அரெஸ்டர் துளையும் அப்படித்தான் அடைக்கும். இந்த டேங்க்குக்கு மாசா மாசம் திறந்து பாக்குறோம், மத்ததுக்கு மழைக்கு முன்னாடி ஒரு தடவை, மழை முடிஞ்சு ஒரு தடவை.

கடல் காத்துல அலுமினிய பாடி எங்களுக்கு ஒத்து வரல, சீட்ல வெள்ளையா பூத்து குழி விழுந்துடுது. எஸ்எஸ் 316-க்கு மாத்தின வால்வெல்லாம் சீட் இன்னும் வழவழன்னு இருக்கு, கசிவை அடைக்குற டெஃப்லான் டயஃப்ரம் (மெல்லிய சவ்வு) மட்டும் மாத்துறோம். சீட்ல கிரீஸ் தடவாதீங்க, தூசி ஒட்டும், பஞ்சு உதிராத துணியால தொடைச்சா போதும். வால்வு வாய்ல இருக்குற வலையில குளவி கூடு கட்டும், அதையும் பாருங்க.

பெயின்டிங் கான்ட்ராக்ட் வந்தா மட்டும் நான் கூடவே மேல ஏறிடுவேன். ஒரு தடவை வால்வைச் சுத்தி பாலிதீன் கட்டி வச்சிருந்தாங்க, கேட்டா “உள்ள பெயின்ட் போயிடக்கூடாதுன்னுதான் சார் கட்டினோம்”ங்குறாங்க, நல்ல எண்ணம்தான், அன்னிக்கு அந்த டேங்க்ல பம்பிங் இல்ல, இருந்திருந்தா ரூஃப் உள்ள போயிருக்கும். இப்போ வேலைக்குக் குடுக்குற பர்மிட்லயே தனியா ஒரு வரி சேத்துட்டோம்.

மேல காத்துக்குப் பதிலா நைட்ரஜன் போடுற டேங்க்னா கசிவு முதல்ல நைட்ரஜன் செலவுலதான் தெரியும், வாடை அப்புறம்தான். காரணமே இல்லாம ஏறினா வால்வைக் கழட்டி பெஞ்ச்ல மானோமீட்டர் (U வடிவக் குழாய்ல தண்ணி வச்சு பிரஷர் அளக்குறது) போட்டுப் பாருங்க, நாங்க செட் பிரஷர்ல 75 சதவீதத்துல நிறுத்தி கசிவு பாக்குறோம்.

புதுசா வாங்குறவங்க ஒவ்வொரு சைஸுக்கும் முழு வால்வு ஒண்ணு ஸ்பேர் வச்சுக்குங்க, டயஃப்ரம் கிட் மட்டும் பத்தாது. டெஸ்டுக்குக் கழட்டினா நாசில் திறந்தே கெடக்கும், நைட்ரஜன் போகும், மழைத் தண்ணி உள்ள இறங்கும், யாராவது பிளைண்ட் (ஓட்டை இல்லாத தகடு) போட்டு மூடிட்டு மறந்தா இன்னும் மோசம். ஸ்பேர் இருந்தா அரை மணி நேரத்துல மாத்திட்டு கீழ இறங்கிடலாம்.