எட்டு வருடமாக ஒரு ரிசீவர்: அப்கன்வர்ஷனுக்குக் கொடுத்த கூடுதல் காசு

2017 கடைசியில் வாங்கிய 5.1 ரிசீவர், அதாவது டிவி, பிளேயர் எல்லாவற்றையும் இணைத்து ஸ்பீக்கர்களுக்குச் சத்தத்தைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி, தென்காசிப் பக்கத்துச் செங்கோட்டையில் எங்கள் வீட்டு ஹாலில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. வாங்கும்போது நான் குழம்பியது ஒரே விஷயத்தில்தான். கடையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மாடல்கள் இருந்தன. வாட்ஸ், ஸ்பீக்கர் சேனல் எல்லாம் ஏறக்குறைய ஒன்று. ஒன்றில் வீடியோ அப்கன்வர்ஷன் உண்டு, அதற்குச் சில ஆயிரம் கூடுதல். “இதுல போட்டா பழைய டிவிடிகூட 4கே மாதிரி தெரியும் அண்ணாச்சி” என்றார் கடைக்காரர். நம்பி அதையே எடுத்தேன்.

அந்த ஒரு பெயருக்குள் இரண்டு வேலைகள் இருக்கின்றன என்பது பல மாதம் கழித்துத்தான் புரிந்தது. பழைய மஞ்சள் வயரில் வரும் அனலாக் படத்தை, படமும் சத்தமும் சேர்ந்தே போகும் எச்டிஎம்ஐ கேபிள் வழியாக அனுப்புவது ஒன்று. சின்ன படத்தைப் புள்ளி கூட்டிப் பெரிதாக்கும் அப்ஸ்கேலிங் இன்னொன்று. கடைக்காரர் சொன்னது இரண்டாவதை.

என் கல்யாண டிவிடி நம் நாட்டு டிவி முறையான பால் (PAL) முறையில் பதிந்தது. 720 × 576, அதாவது சுமார் 4.15 லட்சம் புள்ளிகள். ஃபுல் எச்டி டிவியில் இருப்பதோ 20.7 லட்சம், சரியாக ஐந்து மடங்கு. 4கே டிவி என்றால் இருபது மடங்கு. மீதிப் புள்ளிகளை யாராவது இட்டு நிரப்பித்தான் ஆக வேண்டும். பிளேயர் நிரப்பலாம், ரிசீவர் நிரப்பலாம். இரண்டும் சும்மா இருந்தால் டிவியே நிரப்பிக்கொள்ளும், அது இல்லாமல் திரை முழுக்கப் படம் வராது. அப்படியென்றால் ரிசீவர் டிவியைவிட நன்றாக நிரப்புகிறதா என்பதுதான் கேள்வி.

சோதித்துப் பார்த்தேன். 43 இஞ்ச் டிவி, ஒன்பது அடி தூரம். ஒரே காட்சியை ரிசீவரின் அப்ஸ்கேலிங்கோடும் இல்லாமலும், எது எது என்று சொல்லாமல் மனைவிக்குப் போட்டுக் காட்டினேன். அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அவள் மாற்றி மாற்றிப் போட்டபோது என்னாலும் முடியவில்லை. 2021-ல் 55 இஞ்ச் 4கே டிவி வந்த பிறகு வித்தியாசம் தெரிந்தது, ஆனால் தலைகீழாக: டிவி செய்ததுதான் சுத்தமாக இருந்தது, ரிசீவர் வழி வந்த முகங்கள் மெழுகு பூசினாற்போல் இருந்தன. அன்றே மெனுவில் அதை அணைத்துவிட்டேன். வருகிற படத்தை அப்படியே கடத்தினால் போதும்.

ஆனால் மஞ்சள் வயர்ப் படத்தை எச்டிஎம்ஐயில் அனுப்பும் முதல் வேலைக்காக நான் கொடுத்த காசு வீண் போகவில்லை. செங்கோட்டை 1956 நவம்பர் வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த ஊர். எங்கள் சொந்தத்தில் பாதி இன்றும் புனலூர்ப் பக்கம்தான். அங்கிருந்து அத்தை தன் கல்யாண விஎச்எஸ் கேசட்டைக் கொண்டுவந்தாள். புது டிவியில் மஞ்சள் சாக்கெட்டே கிடையாது. கேசட் ஓட்டும் விசிஆரை ரிசீவரில் சொருகினேன். ஏற்கெனவே டிவிக்குப் போகிற ஒற்றை எச்டிஎம்ஐ கேபிளிலேயே படம் வந்துவிட்டது. அழகான படம் என்று சொல்ல மாட்டேன். வெளிச்சமும் நிறமும் ஒரே வயரில் கலந்து வருவதால் பட்டுச் சேலைக் கரையில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். “ஏ, இது நம்ம பழைய வீட்டுத் திண்ணைல்லா! உங்கப்பா மீசையப் பாரு” என்று அத்தை எழுந்து டிவி பக்கத்திலேயே போய் நின்றுகொண்டாள்.

உங்களிடம் கேசட்டோ பழைய கேம்கார்டரோ இருந்தால், மஞ்சள் சாக்கெட்டில் தருவது எச்டிஎம்ஐயில் வெளிவருமா என்று மட்டும் கேட்டு வாங்குங்கள். சாக்கெட் இருந்தும் மாற்றித் தராத மாடல்கள் உண்டு. கேசட், கேம்கார்டர் எதுவும் இல்லையென்றால் அந்தப் பணத்தை ஸ்பீக்கரில் போடுங்கள்.

மற்றபடி பார்க்க வேண்டியது: 4கே கடத்த எச்டிசிபி 2.2 என்ற காப்பித் தடுப்பு முறை இருக்கிறதா, டிவி ஆப்களின் சத்தம் அதே எச்டிஎம்ஐ கேபிளில் ரிசீவருக்குத் திரும்பி வர ஏஆர்சி அல்லது இஏஆர்சி வசதி இருக்கிறதா. ப்ளூரே வைத்திருப்பவர்கள் பிளேயரை எச்டிஎம்ஐயில்தான் இணைக்க வேண்டும். ப்ளூரேயில் வரும் உயர்தர ஒலி வகைகளான டால்பி ட்ரூஎச்டியும் டிடிஎஸ் மாஸ்டர் ஆடியோவும், சத்தத்துக்கு மட்டுமான ஆப்டிகல் வயரில் போகாது. அட்டையில் போட்டிருக்கும் வாட்ஸை அப்படியே நம்ப வேண்டாம். பெரும்பாலும் இரண்டு சேனலை மட்டும் ஓட்டி அளந்த கணக்கு அது, சிலவற்றில் ஒரே சேனல்.

அப்புறம் எங்கள் ஊர்ச் சங்கதி. ஆனி, ஆடியில் கணவாய் வழியாக அடிக்கிற காற்றும் சாரலும் ஓட்டுக்கூரையில் போடும் சத்தத்தில் வசனம் அமுங்கிவிடும். மொத்த வால்யூமையும் கூட்டினால் சண்டைக் காட்சியில் காது வலிக்கும். நான் நடு ஸ்பீக்கரை மட்டும் 3 டெசிபல் ஏற்றி வைக்கிறேன். மைக் வைத்து அறையை அளக்கும் கேலிப்ரேஷனை முதலில் ஒரு ஆடி மாலையில் செய்து, காற்றுச் சத்தத்தில் அளவு தாறுமாறாகிப் போனது. அடங்கிய ராத்திரியில், ஃபேனை அணைத்துவிட்டுத் திரும்பச் செய்த பிறகுதான் சரியாக வந்தது. ஈரத்தில் ஸ்பீக்கர் வயரின் செம்பு முனை கறுத்துவிடுகிறது, வருடம் ஒரு முறை வெட்டிச் சீவிப் பொருத்துகிறேன்.

2019 ஐப்பசி இடியில் ரிசீவரின் எச்டிஎம்ஐ போர்டு போய்விட்டது. பிளக்கைப் பிடுங்கியிருந்தேன், ஆனால் டிஷ் வயர், ரிசீவரோடு இணைந்த செட்டாப் பாக்ஸில் அப்படியே இருந்தது. பழுதுபார்க்க ஆறு வாரம் ஆனது. இப்போது வானம் இருட்டினால் இரண்டையும் கழற்றிவிடுகிறோம்.

அத்தை வீட்டு அலமாரியில் இன்னும் மூன்று கேசட் இருக்கின்றனவாம். பூஞ்சை பிடிக்குமுன் பொங்கலுக்கு வரும்போது எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன்.