குழந்தைக்கு மட்டும் டயட்டா, வீடே சேர்ந்து மாறணுமா?

பையனுக்கோ பொண்ணுக்கோ வெயிட் ரொம்ப கூடிடுச்சுன்னு தெரிஞ்சதும் நிறைய வீட்டுல முதல்ல நடக்கறது, அந்தக் குழந்தைக்கு மட்டும் தனி தட்டு. கூடப் பொறந்தவங்க வழக்கம்போல சாப்பிடுவாங்க, இது மட்டும் பக்கத்து தட்டையே பார்த்துட்டு உக்காந்திருக்கும். எனக்கு இந்த வழி சுத்தமா ஒப்பல. ரெண்டு வாரத்துல கொஞ்சம் குறையலாம்தான், ஆனா அப்புறம் தலகாணி உறைக்குள்ள இருந்து பிஸ்கட் கவர் வரும், கண்டிக்க கண்டிக்க ஒளிச்சு சாப்பிடறது கூடும், சில டீனேஜ் பசங்களுக்கு சாப்பாட்டைப் பார்த்தாலே பயம் வந்துடுது.

வீடே சேர்ந்து மாறினா கதை வேற. ஸ்வீட் ட்ரிங்க்ஸ் வீட்டுக்குள்ளயே வரலன்னா "அதைத் தொடாத"ன்னு யாரும் யாரையும் அதட்ட வேண்டியதில்ல, அப்பாவும் டிவிய அணைச்சுட்டு சாப்பிட உக்காந்தா பிள்ளையும் உக்காரும். மெதுவாத்தான் நடக்கும். வளர்ற குழந்தைக்கு அந்த மெதுவே பல நேரம் போதும், வெயிட் அப்படியே நின்னு உயரம் ஏறினாலே பிஎம்ஐ (உயரத்தோட ஒப்பிட்டு வெயிட்டைப் பாக்கற கணக்கு) இறங்கிடும், அதனால வெயிட் மெஷினை மட்டும் பாக்காம செவுத்துல போட்ட உயரக் கோட்டையும் பாருங்க. ஆனா ஒருநாள் போய் டயட் சார்ட் வாங்கிட்டு வந்தா பத்தாது. அமெரிக்க குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2023ல சொன்னது, 3லேர்ந்து 12 மாசத்துக்குள்ள குடும்பத்தோட சேர்த்து குறைஞ்சது 26 மணி நேரமாவது நேர்ல வழிகாட்டணும்னு.

விளையாட்டு மட்டும் போதுமான்னா, வெயிட் அதுல பெருசா இறங்காது. ஆனாலும் தினம் சராசரியா 60 நிமிஷம் ஓடியாடணும், இதயத்துக்கும் மனசுக்கும் அது வேணும். தூக்கத்தையும் விட்டுடாதீங்க, டீனேஜ் பசங்களுக்கு 8லேர்ந்து 10 மணி நேரம்.

அடுத்தது வெயிட் குறைக்கற ஊசி மருந்து. 12லேர்ந்து 17 வயசு பசங்களுக்கு செமாக்ளூடைடுங்கற பசியைக் குறைக்கற ஊசிய வச்சு நடந்த ஆய்வு 2022ல வந்துச்சு, 68 வாரத்துல பிஎம்ஐ சராசரியா 16 சதவீதம் குறைஞ்சுது, இது சின்ன விஷயமே இல்ல. குமட்டல் வாந்தி நிறைய பேருக்கு வரும், நிறுத்தினா வெயிட் பெரும்பாலும் திரும்ப ஏறும். இதை குறுக்குவழின்னு திட்டறவங்களோட நான் சேரமாட்டேன், தூங்கறப்ப மூச்சு அடைக்குது, சுகர் வந்துடுச்சுங்கற பிள்ளைய காத்திருக்க வைக்கறதுதான் தப்பு. வீட்டு மாற்றத்தோட சேர்த்து எடுக்கட்டும், அதுக்கு பதிலா இல்ல.

எந்த வழிக்குப் போனாலும் டாக்டர் ரூம்ல பிள்ளை எதிர்ல "குண்டு"ன்னு மட்டும் சொல்லிடாதீங்க, முடிஞ்சா டாக்டர்கிட்டயும் முன்கூட்டியே தனியா சொல்லி வச்சிடுங்க.