ரோல்-ஒன்: இரவில் பூசினால் வியர்வை நிற்கும், காலையில் பூசினால் வாசம்தான் மிச்சம்

கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் திருகோணமலையில் கமக்கட்டு நனையாத ஆள் குறைவு. ஆனால் பத்து மணிக்கே சட்டையில் உள்ளங்கையளவு ஈரவட்டம் விழுந்து, மூதூர் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்கவே கூசுகிறவர்களின் பாடு வேறு. அவர்களுக்காகத்தான் பாமசியிலும் சுப்பர்மார்க்கெட்டிலும் கிடைக்கிற 50 மில்லிலீற்றர் ரோல்-ஒன்னை, கமக்கட்டில் உருட்டிப் பூசுகிற போத்தலை, இங்கே எடுத்துக்கொள்கிறோம். ஒப்பிட்டுப் பார்க்க வாசனை ஸ்பிரேயும் சீனக்காரமும் (படிகாரம்).

வாங்கும்போது போத்தலின் முன்பக்கத்தை விட்டுப் பின்பக்கத்தைப் படியுங்கள். ‘ஆன்டிபேர்ஸ்பிரன்ட்’, அதாவது வியர்வையை அடக்குவது, என்று இருக்க வேண்டும். சேர்மானங்களில் அலுமினியம் குளோரோஹைட்ரேட் அல்லது அலுமினியம் சேர்க்கோனியம் வர வேண்டும். ‘டியோடரன்ட்’ என்று மட்டும் இருந்தால் அது மணத்தை அடக்கும், ஈரத்தை அடக்காது. ‘0% அலுமினியம்’ என்று பெரிதாகப் போட்டிருப்பதும் அந்த வகைதான். வாசனை ஸ்பிரேக்களில் பெரும்பாலானவை அற்ககோலும் வாசனையும். ஈரவட்டத்துக்கு அவற்றால் பயனில்லை.

இனி, பலரும் பிழைவிடுகிற இடம். குளித்துவிட்டு, துவாயால் ஒருதரம் துடைத்து, பூசிய கையோடு சட்டையைப் போட்டு வெயிலுக்குள் இறங்குகிறார்கள். அலுமினிய உப்பு வியர்வைக் குழாயின் வாயில் தங்கி, அங்கே மெல்லிய அடைப்பாக உறைந்தால்தான் வேலை செய்யும். பூசிய சில நிமிடத்திலேயே வியர்வை பெருகினால் மருந்து சட்டைக்குத்தான் போகும். இரவில், படுக்கப்போகும் நேரத்தில் வியர்வை மிகக் குறைவு. பூச வேண்டிய நேரம் அதுதான். மாலையில் குளித்து, உடம்புச் சூடு இறங்கும்வரை ஃபேனுக்குக் கீழே பத்து, பதினைந்து நிமிடம் இருங்கள். கமக்கட்டை ஒற்றித் துடைத்து, ஒவ்வொரு பக்கமும் மூன்று, நான்கு இழுப்பு. அது போதும். கூடினால் பிசுபிசுப்பும் வெள்ளைத் தடமும்தான் மிஞ்சும். காய்ந்த பிறகு படுங்கள், காலையில் வழக்கம்போலக் கழுவுங்கள். உள்ளே உறைந்த அடைப்பு கழுவுவதால் போகாது. முதல் இரவிலேயே பலனைத் தேட வேண்டாம். ஒரு கிழமை விடாமல் பூசிப் பார்த்த பிறகு தீர்மானியுங்கள்.

சவரம் செய்த அன்று பூசவே கூடாது, எரியும். ஒன்று, இரண்டு நாள் போகட்டும். ஈரத்தோலில் பூசினாலும் இதே எரிவு வரும், ஏனென்றால் அலுமினிய உப்பு தண்ணீரோடு சேரும்போது அமிலத்தன்மை உண்டாகிறது. அரிப்பும் சிவப்பும் வந்தால் சில நாள் நிறுத்தி, பிறகு ஒன்றுவிட்டு ஒருநாள் தொடங்கலாம்.

சீனக்காரத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டோம். சலூனில் சவரத்துக்குப் பிறகு தேய்க்கிற அதே கட்டிதான். நனைத்துத் தேய்த்தால் மணத்தை உண்டாக்கும் பக்டீரியாவை நன்றாகவே அடக்கும், செலவும் மிகக் குறைவு. மணம் மட்டுமே பிரச்சினையென்றால் இதுவே போதும். வியர்வையை நிறுத்தும் வலு இதற்குக் குறைவு. ‘அலுமினியம் இல்லாத இயற்கைப் பொருள்’ என்று விற்பது சரியல்ல. சீனக்காரமே ஓர் அலுமினிய உப்புத்தான்.

ரோல்-ஒன்னில் எங்களுக்குள்ள பெரிய குறை, துணியில் விழும் கறை. பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையைத் திருப்பிப் பாருங்கள்: கமக்கட்டுத் தையலோரம் மஞ்சளாகி, தொட்டால் விறைப்பாக இருக்கும். வியர்வையும் அலுமினியமும் சேர்ந்து படிந்த படிவு அது. குளோரின் பிளீச் ஊற்றினால் மஞ்சள் இன்னும் கூடும். ஒரு கப் வெள்ளை வினாகிரிக்கு நான்கு கப் தண்ணீர் கலந்து, அந்த இடத்தை அரைமணி நேரம் ஊறவைத்துவிட்டுச் சவர்க்காரம் போடுங்கள். வினாகிரியையும் பிளீச்சையும் ஒருபோதும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள், நச்சுவாயு வரும்.

துணியும் முக்கியம். பொலியெஸ்டரில் மணம் பிடித்தால் இலகுவில் போகாது. சேலைச் சட்டைக்கு லைனிங் வைக்கும்போது பருத்தியே வேண்டுமென்று தையல்காரரிடம் சொல்லிவிடுங்கள். மாரி காலத்தில் காற்றிலேயே ஈரம் இருப்பதால் வியர்வை ஆவியாகாமல் துணியிலேயே நிற்கும், துவைத்ததும் காயாது. அரைகுறையாகக் காய்ந்த சட்டையைப் போட்டால் எந்த ரோல்-ஒன்னும் கைகொடுக்காது. கொதிக்கக் கொதிக்க பிளேன்ரீயும் உறைப்புக் கறியும் சிலருக்கு வியர்வையைத் தூண்டும். வெளியே போகுமுன் தவிர்த்துப் பார்க்கலாம்.

உருளை சிக்கினால் போத்தலை எறிய வேண்டாம். காய்ந்த மருந்துதான் காரணம், இளஞ்சூட்டுத் தண்ணீரில் கழுத்தைக் கழுவினால் மீண்டும் உருளும். ஒருவர் பாவிப்பதை வீட்டில் எல்லோரும் பாவிக்கவும் வேண்டாம்.

சிறுநீரக நோயுள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் அலுமினியப் பொருள் எதையும் தொடங்கக் கூடாது. அநுராதபுர எல்லையோரக் கிராமங்களில் இந்த நோய் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறோம். மார்பகப் புற்றுநோய் வருமென்ற பயத்துக்கு இதுவரை உறுதியான ஆதாரம் இல்லை.

சரியாகப் பூசியும் ஒரு மாதத்தில் ஈரம் குறையாவிட்டால் 20% அலுமினியம் குளோரைட் கரைசல் பற்றி வைத்தியரிடம் கேளுங்கள். அது வலுவானது, எரிவும் கூடுதல். தூக்கத்திலேயே உடம்பு நனைந்தாலோ, ஒரு பக்கம் மட்டும் வியர்த்தாலோ, நெஞ்சு படபடத்து எடை குறைந்தாலோ ரோல்-ஒன் தேடிப் போக வேண்டாம். அது தைரொயிட்டாகவோ வேறு நோயாகவோ இருக்கலாம், முதலில் வைத்தியசாலைக்குப் போங்கள்.